முதியோர் இல்லத்தின் தரம்: எக்கோல் கொண்டு அளப்பது?

புறநானூற்றின் 243ஆம் பாட்டிலே முதியவர் ஒருவர் பேசுகின்றார். இளமையில் நீர்த்துறை மருதத்தின் கிளையேறி, கரையில் நிற்போர் வியக்க ஆழ்மடுவிற் குதித்து, அடிமணலை அள்ளிவந்து காட்டியவர் அவர். இன்றோ தடியூன்றி நடுங்கி, இருமலுக்கிடையே சில சொற்களே பேச வல்லவராயிருக்கின்றார். அப்புலவரின் இயற்பெயர் நமக்குத் தெரியாது. பாட்டில் வரும் தடியே பெயராகித் தொடித்தலை விழுத்தண்டினார் என நிலைத்துவிட்டது. பாட்டு எஞ்சியமையால் அவருடைய இளமையையும் நாம் அறிகின்றோம். பாட்டு எழுதாத முதியவர்களின் இளமையை அறிந்து வைத்திருப்பவர் யார்?

சில காலத்துக்கு முன், ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒருவரைப் பார்க்க முதியோர் இல்லமொன்றுக்குச் சென்றிருந்தேன். வாயிலிலே குரோட்டன் செடிகள் ஒழுங்காக வெட்டப்பட்டிருந்தன. விறாந்தை கண்ணாடி போலத் துடைக்கப்பட்டிருந்தது. கந்தோரிற் பெயரைச் சொல்லி விசாரித்தேன். அங்கிருந்தவர் சற்று யோசித்துவிட்டு, "ஓ, பதினோராம் கட்டிலா?" என்றார். முப்பது வருடங்களுக்கு மேலாக இலக்கணம் கற்பித்த மனிதர் பதினோராம் கட்டிலாகியிருந்தார். சாப்பாடு எப்படி, கவனிப்பு எப்படி என்று வழக்கமான கேள்விகளைக் கேட்டேன். அவர் சொன்ன விடை இது: "எல்லாம் தருகினம், தம்பி, ஒண்டும் கேக்கிறேல்லை."

அந்த இல்லத்தைப் பற்றி ஊரிலே நல்ல பெயர் உண்டு. அப்பெயர் பொய்யுமன்று. உணவு நேரத்துக்கு வருகின்றது, மருந்து தவறுவதில்லை, கட்டில் விரிப்புகள் வெண்மையாக இருக்கின்றன. அப்படியிருந்தும் அவருடைய அந்த ஒரு வாக்கியம் என்னுடன் வீடு வரை வந்தது. ஓர் இல்லம் நல்லது, கூடாது என்று நாம் எதனைக்கொண்டு தீர்மானிக்கின்றோம்? நமது அளவுகோல் யாருடைய கையில் இருக்கின்றது? இவ்வினாக்களை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

வெட்கம் மறைக்கும் இடம்

நமது நாடு விரைவாக முதுமையடைந்து வருகின்றது. 2012ஆம் ஆண்டுக் குடிசனமதிப்பிலே அறுபத்தைந்து வயதும் அதற்கு மேலும் உள்ளோர் நூற்றுக்கு 7.9 பேராயிருந்தனர். 2024ஆம் ஆண்டு மதிப்பிலே அத்தொகை 12.6 ஆகியது. இதனுடன் வட கிழக்கு மாகாணங்களின் தனிநிலைமையையும் சேர்த்து எண்ண வேண்டும். போரும் புலப்பெயர்வும் பிள்ளைகளை லண்டனுக்கும் ரொறன்ரோவுக்கும் மெல்பேணுக்கும் கொண்டுசென்றன. பெற்றோர் பலர் பெரிய வீடும் வெறுமையான அறைகளுமாக இங்கே எஞ்சினர். கைதடியிலுள்ள அரசினர் முதியோர் இல்லம் போன்ற பொது நிலையங்களும், சமயத் தாபனங்களின் இல்லங்களும், கட்டணம் பெற்று நடத்தப்படும் தனியார் இல்லங்களும் இன்று நம்மிடையே உள்ளன.

ஆயினும், முதியோர் இல்லம் என்றதும் நம்மவர் பேச்சு ஒரே வினாவுடன் முடிந்துவிடுகின்றது. பெற்றவர்களை அங்கே விடலாமா, விடக்கூடாதா? பட்டிமன்றங்களிலும் பாடசாலைக் கட்டுரைகளிலும் இதுவே பொருள். விடுவது பாவம் என்று தீர்ப்புக் கூறிக் கைதட்டல் பெறுவது எளிது. ஆனால் அத்தீர்ப்பு ஏற்கெனவே அங்கே வாழ்கின்றவர்களுக்கு எவ்வித உதவியும் செய்வதில்லை. மாறாகத் தீங்கே செய்கின்றது. நாம் வெட்கப்படும் இடத்தைக் கண் திறந்து பார்ப்பதில்லை. தாயை இல்லத்தில் விட்ட மகன் அதனை ஊரிற் சொல்வதில்லை. சொல்லாதவன் மற்றவர்களுடன் ஒப்பிட்டுப் பார்ப்பதில்லை. குறை கண்டாலும் முறையிடுவதில்லை. வெட்கம் ஒரு திரை. அத்திரைக்குப் பின்னால் நல்ல இல்லமும் கூடாத இல்லமும் ஒன்றுபோலத் தோன்றுகின்றன.

இன்னொரு சிக்கலும் உண்டு. சந்தையிலே மாம்பழம் வாங்குகின்றவன் தானே தின்கின்றான். புளித்தால் மறுநாள் வேறு கடைக்குப் போகின்றான். முதியோர் இல்லத்திலோ தெரிந்தெடுப்பவர் ஒருவர், பணம் கொடுப்பவர் இன்னொருவர், வாழ்பவர் வேறொருவர். பணம் கொடுப்பவர் பெரும்பாலும் கடல் கடந்து இருக்கின்றார். அவர் பார்ப்பது கைத்தொலைபேசியில் வரும் படங்களை. ஆதலின், பார்வையாளர் கண்ணுக்குத் தெரியும் பொருள்களே மெருகேற்றப்படுகின்றன. தரையோடு, பூச்சாடி, பிறந்தநாட் கேக் ஆகியன படத்தில் விழும். இரவு இரண்டு மணிக்குத் தண்ணீர் கேட்டு அழைத்த குரலுக்கு யாரேனும் வந்தார்களா என்பது படத்தில் விழாது.

ஒரு பழைய ஆராய்ச்சியின் பாடம்

இத்துறையில் முன்னோடியான ஒரு நூலை இங்கே குறிப்பிடுதல் தகும். பீற்றர் ரவுன்சென்ட் என்னும் ஆங்கிலச் சமூகவியலாளர் 1962இல் வெளியிட்ட 'இறுதிப் புகலிடம்' என்ற ஆய்வு அது. இங்கிலாந்திலும் வேல்சிலும் 173 நிலையங்களை அவர் நேரிற் சென்று பார்த்தார். 1948ஆம் ஆண்டின் தேசிய உதவிச் சட்டம் பழைய ஏழைவிடுதி முறைக்கு முற்றுப்புள்ளி வைத்ததாக அந்நாட்டார் நம்பியிருந்தனர். பத்து வருடங்களுக்குப் பின்னும் அதே பழைய கட்டடங்களிலே, அதே நீண்ட படுக்கைக் கூடங்களிலே முதியோர் பெருந்தொகையாக வாழ்வதை ரவுன்சென்ட் கண்டார். பெயர்ப்பலகை மாறியிருந்தது; வாழ்க்கை மாறவில்லை.

அவர் கட்டடத்தை மாத்திரம் அளக்கவில்லை. மேற்பார்வையாளரைக் கேட்டதுடன் அமையாது, அங்கே வாழ்ந்தவர்களையும் கேட்டார். ஒரு நிலையத்திலே சில நாட்கள் பணியாளராகவும் வேலை செய்து உள்ளிருந்து பார்த்தார். தனிமை, தொழிலின்மை, அந்தரங்கமின்மை, தம் காரியங்களைத் தாமே தீர்மானிக்க இயலாமை ஆகியவையே அவர் கண்ட பெருங்குறைகள். பலர் அங்கே வந்ததற்குக் காரணம் நோயன்று, வீட்டிலே சிறிய உதவி கிடையாமையே என்றும் அவர் எடுத்துக்காட்டினார். வீட்டுக்கே சென்று உதவும் சேவைகளும், உதவியோடு கூடிய சிறு குடியிருப்புகளும் இத்தகைய பெருநிலையங்களின் இடத்தைப் பெற வேண்டும் என்பது அவர் முடிவு.

இதற்கு ஒரு வருடம் முன்னர், 1961இல், ஏர்விங் கொஃப்மன் என்னும் சமூகவியலாளர் அமெரிக்க மனநோய் மருத்துவமனைகளைப் பற்றி எழுதிய நூலிலே 'முழுமை நிறுவனம்' என்றொரு கருத்தை விளக்கியிருந்தார். உறக்கம், வேலை, பொழுதுபோக்கு ஆகிய மூன்றும் ஒரே கூரையின் கீழ், ஒரே அதிகாரத்தின் கீழ், ஒரே நேர அட்டவணைப்படி நடக்கும் இடம் அது. சிறைச்சாலையும் படைமுகாமும் அத்தகையன. அன்பு நிறைந்த முதியோர் இல்லமும் அத்தகையதாகிவிடலாம் என்பதே நாம் உணரவேண்டியது. அங்கே கொடுமை செய்பவர் ஒருவரும் இல்லாமலிருக்கலாம். அட்டவணை ஒன்றே போதும்.

மூன்று வாயில்கள்

தரம் என்பதை எப்படி அளப்பது? 1966இல் அவேடிஸ் டொனபீடியன் என்னும் மருத்துவ அறிஞர் இதற்கு ஒரு தெளிவான வழி காட்டினார். மருத்துவப் பராமரிப்பின் தரத்தைக் கட்டமைப்பு, செயன்முறை, விளைவு என மூன்று வாயில்கள் வழியாகப் பார்க்கலாம் என்றார் அவர். முதியோர் இல்லத்துக்கும் இது பொருந்தும்.

கட்டமைப்பு என்பது இல்லத்திடம் உள்ளவை. குளியலறையிற் பிடிகம்பி உண்டா? தரை வழுக்குமா? நடக்க முடியாதவருக்கும் மலசலகூடம் எட்டுமா? இரவிலே எத்தனை பேருக்கு எத்தனை பணியாளர்? பகற் கணக்கைக் கேட்பவர் பலர். இரவுக் கணக்கைக் கேட்பவர் சிலரே. இல்லம் சட்டப்படி பதியப்பட்டுள்ளதா? 2000ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க முதியோர் உரிமைகள் பாதுகாப்புச் சட்டம் ஐவருக்கு மேற்பட்ட முதியோரை வைத்துப் பராமரிக்கும் நிலையங்கள் பதிவு செய்யப்பட வேண்டும் என்கின்றது. அச்சட்டத்தின் கீழேயே முதியோர்க்கான தேசிய சபையும், பிள்ளைகளிடமிருந்து பராமரிப்புச் செலவு கோரும் பெற்றோரின் முறைப்பாடுகளை விசாரிக்கும் சபையும் அமைந்தன. பதிவுப் பத்திரம் தரத்துக்குச் சான்றாகாது. ஆனால் பதிவு இல்லாமை ஓர் எச்சரிக்கை.

செயன்முறை என்பது அங்கே நாள்தோறும் நடப்பவை. பணியாளர் கதவைத் தட்டிவிட்டு உள்ளே வருகின்றாரா? முதியவரைப் பெயர் சொல்லி, உரிய மரியாதையோடு அழைக்கின்றாரா? ஊட்டும்போது அவர் முகத்தைப் பார்க்கின்றாரா, அல்லது சுவரிலுள்ள தொலைக்காட்சியைப் பார்க்கின்றாரா? அவருடைய மூக்குக்கண்ணாடி அவருடையதுதானா, பொய்ப்பற்கள் மாறிப்போகவில்லையா? நம் நாட்டுக்கே உரிய வினா ஒன்றும் உண்டு: பணியாளருக்கு முதியவரின் மொழி தெரியுமா? நினைவு தளரும் காலத்திலே பிற்காலத்திற் கற்ற மொழி பெரும்பாலும் முதலில் நழுவும். தாய்மொழியே இறுதிவரை நிற்கும். "வயிறு நோகுது" என்று தமிழிற் சொல்லும் தாய்க்கு, அதை விளங்கிக்கொள்ளும் ஒருவர் அருகிலில்லையெனில், அந்த இல்லத்தின் தளபாடங்கள் எத்துணைச் சிறந்தனவாயினும் என்ன பயன்?

விளைவு என்பது வாழ்வோரின் உடலிலும் உள்ளத்திலும் தெரிவது. படுக்கைப் புண் உண்டா? உடல் எடை குறைந்துகொண்டு போகின்றதா? அடிக்கடி விழுகின்றனரா? வந்தபோது நடந்தவர் இப்பொழுதும் நடக்கின்றாரா? பேசிக்கொண்டிருந்தவர் ஏன் மௌனமானார்?

எண்கள் ஏமாற்றும் விதம்

மூன்று வாயில்களில் விளைவே சிறந்ததென்று தோன்றும். ஆனால் விளைவைக் காட்டும் எண்களும் ஏமாற்றும். இந்த இல்லத்திலே சென்ற வருடம் ஒருவரும் விழவில்லை என்று பெருமையாகக் கூறப்படலாம். விழாமைக்கு இரண்டு வழிகள் உள. ஒன்று, தரையைத் திருத்தி, வெளிச்சமிட்டு, கால்களுக்குப் பயிற்சி கொடுத்து, துணைக்கு ஓர் ஆளும் விடுவது. மற்றது, ஒருவரையும் நடக்க விடாதிருப்பது. இரண்டுக்கும் எண் ஒன்றே. அமெரிக்காவிலே முதியோரை நாற்காலியோடும் கட்டிலோடும் பிணித்து வைத்தல் ஒருகாலத்திற் பாதுகாப்பு என்ற பெயரால் நடந்தது. 1987ஆம் ஆண்டின் சட்டம் அவ்வழக்கத்துக்குக் கட்டுப்பாடு விதித்தது.

அதே நாட்டில் 2008இல் மருத்துவ இல்லங்களுக்கு ஒன்று முதல் ஐந்து வரை நட்சத்திரம் வழங்கும் முறை ஏற்படுத்தப்பட்டது. குடும்பத்தினர் தெரிந்தெடுக்க உதவுவதே அதன் நோக்கம். ஆனால் பணியாளர் தொகை முதலான சில தகவல்களை இல்லங்களே தம்மைப் பற்றித் தெரிவித்தன. பரீட்சார்த்தியே தன் விடைத்தாளைத் திருத்தினால் எப்படியிருக்கும் என்பதை ஆசிரியர்களாகிய நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. 2014இல் இது பத்திரிகைகளிலே கண்டிக்கப்பட்டது. பின்னரே, சம்பளப் பதிவேடுகளைக் கொண்டு பணியாளர் தொகையைச் சரிபார்க்கும் முறை வந்தது. இங்கிலாந்திலும் பரிசோதகர்கள் இல்லங்களுக்குச் சென்று தரம் வகுத்து வெளியிடுகின்றனர். அவுஸ்திரேலியாவிலே 2018இல் நியமிக்கப்பட்ட அரச ஆணைக்குழு, 2019இல் தன் இடைக்கால அறிக்கைக்குப் 'புறக்கணிப்பு' என்ற ஒற்றைச் சொல்லையே தலைப்பாக இட்டது. சட்டமும் பரிசோதகரும் செல்வமும் உள்ள நாட்டின் நிலை அது.

இவற்றால், எண்ணும் பரிசோதனையும் வேண்டியதில்லை என்பது கருத்தன்று. அவை இன்றியமையாதன, நம்மிடம் அவை இன்னும் வலுப்பெற வேண்டும். ஆனால் அவை தாழ்ந்த எல்லையைக் காப்பவை. இதற்குக் கீழே போகாதே என்று சொல்ல வல்லவை. மேலெல்லையை வேறொன்றே காட்டும்.

ஒரு பூச்செடியின் கதை

அந்த வேறொன்று யாது? 1976இல் எலன் லாங்கர், ஜூடித் றொடின் என்னும் இரு உளவியலாளர் அமெரிக்காவின் கொனெக்ரிக்கற் மாநிலத்து இல்லமொன்றிலே செய்த பரிசோதனை இதற்கு ஒளி தருகின்றது. ஒரு பகுதியாருக்கு, உங்கள் அறையை எப்படி வைப்பது, படக்காட்சிக்கு எந்த நாள் போவது என்பனவற்றை நீங்களே தீர்மானியுங்கள் என்று கூறி, ஒரு பூச்செடியையும் கொடுத்து, அதனைப் பார்த்துக்கொள்வது உங்கள் பொறுப்பு என்றனர். மற்றப் பகுதியாருக்கும் செடி கொடுக்கப்பட்டது. ஆனால் தண்ணீர் ஊற்றுவதைத் தாதியரே பார்த்துக்கொள்வர் என்று சொல்லப்பட்டது. அன்பிலும் வசதியிலும் குறைவில்லை. மூன்று வாரங்களுக்குப் பின், பொறுப்புப் பெற்றவர்கள் கூடிய உற்சாகமும் விழிப்பும் உடையோராய்க் காணப்பட்டனர். பதினெட்டு மாதங்களின் பின் பார்த்தபோது, பொறுப்புப் பெற்றவர்களில் நூற்றுக்கு 15 பேரும் மற்றவர்களில் நூற்றுக்கு 30 பேரும் இறந்திருந்தனர். ஆய்வுக்குட்பட்டோர் தொகை சிறியது. ஆதலின் இவ்வெண்களை வேதவாக்காகக் கொள்ளலாகாது. எனினும், செடிக்குத் தானே தண்ணீர் ஊற்றுதல் ஊற்றுவித்தலினின்றும் வேறுபட்டது என்பதை அறிய நமக்கு ஆய்வு வேண்டுமா? காணி முழுவதும் தென்னை நட்டுத் தண்ணீர் இறைத்து வளர்த்த மனிதர்களல்லவா அவர்கள்?

1991இல் ஐக்கிய நாடுகள் பொதுச்சபை முதியோருக்கான கோட்பாடுகளை ஏற்றுக்கொண்டது. சுதந்திரம், பங்குபற்றல், பராமரிப்பு, சுயநிறைவு, மாண்பு என்பன அதன் ஐந்து தலைப்புகள். நம்மிற் பலர் இல்லத்தை மதிப்பிடும்போது இவ்வைந்தில் பராமரிப்பு ஒன்றையே பார்க்கின்றோம். மற்ற நான்கும் இல்லாமற் போனாலும் பராமரிப்பு நடந்துகொண்டேயிருக்கும். தொழுவத்து மாட்டுக்கும் பராமரிப்பு உண்டு.

கேட்க வேண்டிய வினாக்கள்

ஆகவே, பெற்றோருக்காகவோ உறவினருக்காகவோ ஓர் இல்லத்தைப் பார்க்கச் செல்பவர், அறிவித்துவிட்டு ஒருமுறையும் அறிவியாமல் ஒருமுறையும் செல்லுதல் நன்று. ஞாயிறு காலையை விட்டு, வாரநாளின் மாலை ஏழு மணிக்குச் செல்லட்டும். கந்தோரில் அமராது, உணவு மண்டபத்தில் அமரட்டும். காலையிலே எத்தனை மணிக்கு எழுவது என்பதை யார் தீர்மானிக்கின்றார்? பிட்டு வேண்டாம், இன்று பாண் போதும் என்று ஒருவர் சொல்ல முடியுமா? சைவ உணவு உண்பவருக்கு வேறு பாத்திரம் உண்டா? கோயிலுக்கும் தேவாலயத்துக்கும் பள்ளிவாசலுக்கும் போக விரும்பினால் வழி உண்டா? தம் அலுமாரியின் திறப்பு யார் கையில்? ஓய்வூதியப் பணம் யார் கணக்கில்? குறை சொன்னவர் மறுநாளும் அதே புன்னகையைப் பெறுகின்றாரா?

இறுதியாக, கேட்கப் பலரும் கூசும் ஒரு வினா உண்டு. இங்கே ஒருவர் இறந்தால் என்ன நடக்கும்? சில இடங்களில், விடியுமுன் கட்டில் வெறுமையாகும். மத்தியானத்துக்கு முன் புதிய விரிப்பு வரும். ஒருவரும் ஒன்றும் சொல்வதில்லை. எஞ்சியோர் எல்லாவற்றையும் கண்டுகொண்டிருக்கின்றனர். தம் மரணமும் இப்படித்தான் என்பதை அறிந்துகொள்கின்றனர். நல்ல இல்லத்திலே பெயர் சொல்லப்படும், விளக்கொன்று ஏற்றப்படும், அயற்கட்டிலில் இருந்தவர் இறுதியாக ஒருமுறை முகம் பார்க்க அழைத்துச் செல்லப்படுவார். இதற்குப் பணம் வேண்டியதில்லை.

பணம் வேண்டாதவை வேறும் பல. ஆசிரியர்களும் மாணவர்களும் செய்யக்கூடியவையும் அவற்றுள் உள்ளன. வருடத்துக்கொருமுறை பழமும் பிஸ்கற்றும் கொண்டுசென்று படம் எடுத்துத் திரும்புவதை விட, ஒவ்வொரு மாணவனும் ஒரு முதியவரின் வரலாற்றைக் கேட்டு எழுதட்டும். எந்தக் குளத்திற் குதித்தார், எந்தத் தொழில் செய்தார், எந்தப் பாட்டை விரும்பினார் என்று எழுதிய இரண்டு பக்கம் அவர் கட்டிலருகே இருந்தால், நாளை புதிதாக வரும் பணியாளருக்கும் அவர் வெறும் எண்ணாகத் தோன்றமாட்டார். அடிக்கடி வெளியார் வந்துபோகும் இல்லத்தில் தவறு ஒளிந்திருப்பதும் அரிது. எந்தப் பரிசோதகரும் அயலவரின் கண்களுக்கு ஈடாகார்.

தலைமையாசிரியரிடம் விடைபெற எழுந்தேன். அவருடைய புத்தகங்கள் எங்கே என்று அப்பொழுதுதான் கேட்கத் தோன்றியது. தூசி சேரும் என்பதற்காக அவை கந்தோர் அலுமாரியில் வைத்துப் பூட்டப்பட்டிருந்தன. நல்லெண்ணத்தோடு செய்த காரியந்தான். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டு, குரலைத் தாழ்த்திச் சொன்னார்: "அடுத்தமுறை வரேக்கை நன்னூல் ஒண்டு கொண்டு வாரும், தம்பி. கந்தோரிலை குடுக்காதையும், என்ரை கையிலை தாரும்."

ஓர் இல்லத்தை அளக்க இதைவிட நல்ல கோல் எனக்குத் தெரியவில்லை. அங்கே வாழும் ஒருவருக்கு நாம் ஒரு நூலைக் கொடுத்தால், அது அவருடைய கையிலே சேருமா? சேர்ந்தபின் அவருடைய கையிலே தங்குமா?